இடுப்பு வலிக்கு பிசியோதெரபி: நான் போன இரண்டு மையங்களும், நிஜமாக உதவியது எது என்பதும்

கீழ் முதுகு வலிக்கு பிசியோதெரபி பலன் தருமா என்று தெரிந்தவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன். தரும். நன்றாகவே தரும். ஆனால் பிசியோதெரபி என்ற ஒரே பெயர்ப்பலகையின் கீழ் இரண்டு வேறு வேறு சேவைகள் நடக்கின்றன. ஒன்றில் உங்களைப் படுக்க வைத்து மெஷின் மாட்டுவார்கள். இன்னொன்றில் உங்கள் உடம்பைச் சோதித்து, எந்த அசைவு உங்களுக்கு ஒத்துவருகிறது, எது வலியைக் கிளப்புகிறது என்று கண்டுபிடித்து, அதற்கேற்ற பயிற்சியை நீங்களே வீட்டில் செய்யும்படி கற்றுத்தருவார்கள். நான் இரண்டுக்கும் போனேன். மையங்களின் பெயரைச் சொல்லப் போவதில்லை, இந்த இரண்டு வகையும் எங்கும் இருக்கின்றன, பெயரைவிட வகையை அடையாளம் காணத் தெரிவதுதான் உங்களுக்குப் பயன்படும்.

முதலில் என் வலியைச் சொல்லிவிடுகிறேன், உங்களுடையது வேறு மாதிரி என்றால் நான் சொல்லும் பயிற்சி உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம். பெல்ட் கட்டும் இடத்துக்குக் கொஞ்சம் கீழே குறுக்காக ஒரு பிடிப்பு, அங்கிருந்து வலது புட்டம், தொடையின் பின்பக்கம் வரை ஒரு குடைச்சல். நாற்காலியிலிருந்து எழுந்தால் முதல் சில அடிகள் நிமிர்ந்து நடக்க முடியாது. தும்மல் வந்தால் எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டும். காலையில் எழுந்ததும் குனிந்து முகம் கழுவுவதுதான் நாளிலேயே கஷ்டமான வேலை. எம்ஆர்ஐ அறிக்கையில் எல்4-எல்5 டிஸ்க், அதாவது கீழ் முதுகின் நான்காவது, ஐந்தாவது எலும்புகளுக்கு நடுவில் இருக்கும் மெத்தை போன்ற பகுதி, பிதுங்கியிருக்கிறது என்று இருந்தது. அறுவை சிகிச்சைக்கு அவசியமில்லை, பிசியோ போங்கள் என்று எலும்பு மருத்துவர் அனுப்பிவைத்தார்.

முதல் மையம் சுத்தமாக, அமைதியாக இருந்தது, ஊழியர்களும் அன்பாகப் பேசினார்கள், அதில் ஒரு குறையும் இல்லை. போனதும் குப்புறப் படுக்கச் சொல்வார்கள். முதுகில் ஹாட் பேக். அது முடிந்ததும் நான்கு பேட் ஒட்டி ஐஎஃப்டி, சுருசுருவென்று கரண்ட் ஓடும். அப்புறம் ஜெல் தடவி அல்ட்ராசவுண்ட். சில நாட்களில் இடுப்பிலும் மார்பிலும் பட்டை கட்டி டிராக்ஷன் மெஷினில் இழுப்பார்கள். எல்லாம் முடிந்து எழும்போது முதுகு இளகி, சுகமாகத்தான் இருக்கும். அந்த சுகம் சில மணி நேரம் நிற்கும், சாயங்காலம் நாற்காலியிலிருந்து எழும்போது பழைய பிடிப்பு அதே இடத்தில் இருக்கும். மறுநாள் மறுபடியும் அதே வரிசை. இத்தனைக்கும் நடுவில் ஒருவரும் என்னைக் குனிந்து காட்டச் சொல்லவில்லை, எப்போது வலி கூடுகிறது, எப்போது குறைகிறது என்று கேட்கவில்லை. என் பக்கத்துக் கட்டிலில் முழங்கால் வலிக்காரர், அதற்கடுத்து கழுத்து வலிக்காரர், மூவருக்கும் ஏறக்குறைய ஒரே மெஷின், ஒரே நேரக்கணக்கு. கடைசியில் பயிற்சி என்று படம் போட்ட ஒரு ஜெராக்ஸ் தாளைக் கையில் கொடுத்து, வீட்டில் செய்யுங்கள் என்றார்கள். கூடவே இடுப்பு பெல்ட் ஒன்று வாங்கிப் போடச் சொன்னார்கள்.

எனக்கு உண்மையான வருத்தம் இங்கேதான். இங்கிலாந்தில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வெளியிடும் நைஸ் அமைப்பு 2016-லேயே கீழ் முதுகு வலிக்கும் சயாட்டிகாவுக்கும் (நரம்பு வழியாகக் காலுக்குப் பரவும் வலி) வெளியிட்ட வழிகாட்டுதலில் டிராக்ஷன், அல்ட்ராசவுண்ட், டென்ஸ் (ஐஎஃப்டி போலவே தோலில் பேட் ஒட்டி லேசான கரண்ட் கொடுப்பது), ஐஎஃப்டி, பெல்ட் எதையும் கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டது. உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் நாட்பட்ட கீழ் முதுகு வலிக்கென்று தன் முதல் வழிகாட்டுதலை வெளியிட்டபோது, உடற்பயிற்சி, வலியைப் பற்றிய விளக்கம், கையால் செய்யும் சில சிகிச்சைகள், மன ரீதியான உதவி ஆகியவற்றைப் பரிந்துரைத்து, டிராக்ஷன், அல்ட்ராசவுண்ட், டென்ஸ், இடுப்பு பெல்ட் ஆகியவற்றை வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்றது. அதாவது அந்த மையத்தில் எனக்குக் கிடைத்ததில் பெரும்பகுதி, வேண்டாம் என்ற பட்டியலில் இருப்பது. செய் என்ற பட்டியலில் இருக்கும் பயிற்சி எனக்கு ஒரு ஜெராக்ஸ் தாளாக வந்தது. சூடு வைப்பதில் தப்பில்லை, வலி கடுமையாக இருக்கும் ஆரம்ப நாட்களில் அது உதவும், வீட்டிலேயே வென்னீர் பை வைத்துக்கொள்ளலாம். ஆனால் முழு நேரமும் அதிலேயே போய், நோயாளி எழுந்து ஓர் அசைவைக்கூடக் கற்றுக்கொள்ளாமல் வீட்டுக்குப் போகிறார் என்றால் அந்தச் சேவையில் முக்கியமான பாதி இல்லை.

இரண்டாவது மையத்தில் முதல் நாள் எந்த மெஷினும் கிடையாது. பெரிய கூடம், கொஞ்சம் பாய்கள், இரண்டு கட்டில், மூலையில் எடைக்கட்டைகள், அவ்வளவுதான். பிசியோதெரபிஸ்ட் எதிரில் உட்கார்ந்து ரொம்ப நேரம் கேள்வி மட்டுமே கேட்டார். "எங்க வலிக்குதுன்னு ஒரே விரலால காட்டுங்க" என்றார் முதலில். அப்புறம், உட்கார்ந்தால் அதிகமா, நின்றால் அதிகமா, நடந்தால் குறைகிறதா, இரவில் வலியால் விழிப்பு வருகிறதா, புரண்டு படுத்தால் சரியாகிறதா, காலையில் எவ்வளவு நேரம் விறைப்பு இருக்கிறது, வலி முழங்காலைத் தாண்டிப் போகிறதா, பாதம் மரத்துப்போகிறதா. அடுத்து அவர் கேட்டவை வேறு ரகம்: சிறுநீர் கழிக்கும்போது மாற்றம் உண்டா, உட்காரும் இடத்தில் மரத்துப்போன மாதிரி இருக்கிறதா, காய்ச்சல் உண்டா, காரணமில்லாமல் எடை குறைந்ததா, முன்பு புற்றுநோய் வந்திருக்கிறதா, கீழே விழுந்தீர்களா, நீண்டகாலம் ஸ்டீராய்டு மாத்திரை எடுத்தீர்களா. இதில் ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் நான் பயிற்சியைத் தொடங்குவதா, உடனே டாக்டரிடம் திருப்பி அனுப்புவதா என்று யோசிப்பேன் என்று காரணத்தையும் சொன்னார். முதல் மையத்தில் இந்தக் கேள்விகளில் ஒன்றுகூட வரவில்லை என்பதை நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது.

பிறகு பரிசோதனை. முன்னால் குனியச் சொன்னார், பின்னால் வளையச் சொன்னார், இரண்டு பக்கமும் சாயச் சொன்னார், ஒவ்வொன்றிலும் வலி எங்கே வருகிறது என்று குறித்துக்கொண்டார். குதிகாலால் நடக்கச் சொன்னார், அதில் எல்4, எல்5 நரம்புகள் ஆளும் தசைகளின் பலம் தெரியும். நுனிக்காலால் நடக்கச் சொன்னார், அது எஸ்1 நரம்புக்கு. கால் கட்டைவிரலை மேல்நோக்கித் தூக்கச் சொல்லி அதை அழுத்திப் பார்த்தார். முழங்காலிலும் குதிகாலிலும் சின்னச் சுத்தியால் தட்டினார். மல்லாந்து படுக்க வைத்து முழங்காலை மடக்காமல் காலை மெதுவாகத் தூக்கினார். 30 டிகிரிக்கும் 70 டிகிரிக்கும் நடுவில் முழங்காலுக்குக் கீழே சுளீரென்று இழுத்தால் நரம்பு வேர் எரிச்சலில் இருக்க வாய்ப்பு அதிகம். எனக்கு அப்படி இல்லை, தொடை பின்தசை இறுக்கம்தான்.

அதற்கடுத்து அவர் செய்தது எனக்குப் புதிது. குப்புறப் படுத்து, கைகளை ஊன்றி, இடுப்பு பாயிலேயே இருக்க, மேல் உடம்பை மட்டும் தூக்கச் சொன்னார். ஒருமுறை இல்லை, திரும்பத் திரும்ப. ஒவ்வொரு பத்துக்கும் நிறுத்தி வலி எங்கே இருக்கிறது என்று கேட்டார். ஆரம்பத்தில் தொடையில் இருந்தது, கொஞ்ச நேரத்தில் புட்டத்துக்கு ஏறியது, கடைசியில் முதுகின் நடுவில் மட்டும் நின்றது, அங்கே கொஞ்சம் கூடவே வலித்தது. நான் பயந்தேன், அவர் முகம் மலர்ந்தது. கால் பக்கம் பரவியிருந்த வலி முதுகை நோக்கித் திரும்புவது நல்ல அறிகுறி, இந்தத் திசைதான் உங்கள் முதுகுக்கு இப்போதைக்கு ஒத்துவருகிறது என்றார். இந்த முறைக்கு ஒரு வரலாறும் உண்டு. 1956-இல் நியூசிலாந்தின் வெலிங்டனில் ராபின் மெக்கன்சி என்ற பிசியோதெரபிஸ்ட், கால் வரை வலி இருந்த ஒரு நோயாளியை உள்ளே போய்க் குப்புறப் படுக்கச் சொல்லியிருக்கிறார். கட்டிலின் தலைப்பக்கம் முன்பிருந்த நோயாளிக்காக உயர்த்தி வைக்கப்பட்டிருந்தது, அதைக் கவனிக்காமல் அவர் முதுகு பின்னால் நன்றாக வளைந்தபடி அதிலேயே படுத்துவிட்டார். திரும்பி வந்த மெக்கன்சி பதறிப்போக, நோயாளியோ கால் வலி போய்விட்டது என்றாராம். அந்தத் தற்செயலில் இருந்துதான் அசைவின் திசையை வைத்து வலியைப் பிரித்துப் பார்க்கும் முறை பிறந்தது.

ஆனால் இதைப் படித்துவிட்டு எல்லாரும் குப்புறப் படுத்து வளையக் கூடாது. அதே கூடத்தில் வயதான ஒருவருக்கு அவர் நேர்மாறான பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தார்: மல்லாந்து படுத்து முழங்காலை மார்போடு அணைப்பது. அவருக்கு நரம்புப் பாதை குறுகியிருந்தது, கொஞ்ச தூரம் நடந்தாலே இரண்டு காலும் கனத்துப் போகும், உட்கார்ந்து முன்னால் சாய்ந்தால் சரியாகும். அவரைப் பின்னால் வளையச் சொன்னால் கால் வலி கூடும். ஒருவருக்கு மருந்தாகும் அசைவு இன்னொருவருக்கு உபத்திரவம். ஜெராக்ஸ் தாளில் இந்த வித்தியாசத்தை எப்படிக் கொடுப்பது?

எம்ஆர்ஐ அறிக்கையை அவர் படித்துக்காட்டிய விதத்துக்காகவே தனியாக நன்றி சொல்ல வேண்டும். டிஸ்க் பிதுங்கியிருக்கிறது என்ற வரியைப் பார்த்ததிலிருந்து நான் குனியவே பயந்துகொண்டிருந்தேன். வலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்து 2015-இல் வந்த ஆய்வைப் பற்றிச் சொன்னார். வலி இல்லாத 20 வயதுக்காரர்களிலேயே 30 சதவீதம் பேருக்கு டிஸ்க் பிதுக்கம் இருக்கிறது, 80 வயதில் அது 84 சதவீதம். டிஸ்க் தேய்மானம் 20 வயதில் 37 சதவீதம், 80 வயதில் 96 சதவீதம். இவர்கள் யாருக்கும் முதுகு வலி கிடையாது. அதனால் படத்தில் பிதுக்கம் இருப்பதாலேயே அதுதான் வலிக்குக் காரணம் என்று முடிவுகட்ட முடியாது, பிதுங்கிய டிஸ்க் பலருக்கு சில மாதங்களில் தானாகவே சுருங்கவும் செய்கிறது. இதைக் கேட்ட பிறகு நான் குனிந்த விதமே மாறியது. வலி அதே அளவுதான் இருந்தது, பயம் பாதியானது, பயம் குறைந்ததும் உடம்பு விறைப்பாக நிற்பது குறைந்தது. விளக்கம் சொல்வதும் சிகிச்சைதான் என்று உலக சுகாதார நிறுவனம் ஏன் எழுதியிருக்கிறது என்பது அன்றைக்குப் புரிந்தது.

படுத்தே ஓய்வெடுப்பதைப் பற்றியும் அவர் கறாராக இருந்தார். முதுகு பிடித்தால் நாலைந்து நாள் அசையாமல் படு என்பது பலரும் சொல்லும் யோசனை. 1995-இல் பின்லாந்தில் நடந்த ஆய்வில், திடீரென்று கீழ் முதுகு வலி வந்தவர்களில் ஒரு பிரிவை இரண்டு நாள் படுக்கையில் ஓய்வெடுக்கச் சொன்னார்கள், ஒரு பிரிவுக்கு உடனே முதுகுப் பயிற்சி கொடுத்தார்கள், மூன்றாவது பிரிவை வலி அனுமதிக்கும் அளவுக்கு வழக்கமான வேலைகளைச் செய்யச் சொன்னார்கள். வேகமாகத் தேறியது மூன்றாவது பிரிவுதான். ஆக, வலி உச்சத்தில் இருக்கும் முதல் ஓரிரு நாளில் பயிற்சி என்று வருத்திக்கொள்ளவும் வேண்டாம், கட்டிலோடு ஒட்டிக்கொள்ளவும் வேண்டாம். எழுந்து நடமாடுங்கள், களைத்தால் படுங்கள், மறுபடி எழுங்கள்.

சரி, பயிற்சிகளுக்கு வருகிறேன். முதல் கட்டத்தில் எனக்குக் கொடுத்தது அந்தக் குப்புறப் படுத்துத் தூக்கும் பயிற்சி மட்டும்தான், பத்து பத்தாக, ஒரே மூச்சில் இல்லாமல் நாள் முழுக்கப் பிரித்து. முதலில் சும்மா குப்புறப் படுப்பது, அப்புறம் முழங்கை ஊன்றிப் படுப்பது, அப்புறம்தான் கையை நீட்டித் தூக்குவது. தூக்கும்போது புட்டத்தை இறுக்கக் கூடாது, இடுப்பு தொய்ந்து பாயில் கிடக்க வேண்டும், வேலையைக் கைகள்தான் செய்ய வேண்டும், மேலே போனதும் மூச்சை விட வேண்டும். வலி காலுக்குள் இறங்கினால் நிறுத்திவிட்டுச் சொல்லுங்கள் என்பது கட்டளை.

தொடை வலி அடங்கிய பிறகு பலப்படுத்தும் பயிற்சிகள். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் முதுகெலும்பின் இயக்கத்தைப் பல காலம் ஆராய்ந்த ஸ்டூவர்ட் மெக்கில் பிரபலப்படுத்திய மூன்றை எடுத்துக்கொண்டோம். முதலாவது, மல்லாந்து படுத்து ஒரு காலை மடக்கி ஒரு காலை நீட்டி, இரண்டு உள்ளங்கைகளையும் கீழ் முதுகின் வளைவுக்கு அடியில் வைத்துக்கொண்டு, தலையையும் தோளையும் பாயிலிருந்து மிகக் கொஞ்சமாக மட்டும் தூக்குவது. ஜிம்மில் செய்யும் சிட்-அப் மாதிரி முழுசாக எழும்புவது இல்லை, கழுத்தும் வளையக் கூடாது, பார்க்கிறவர் கண்ணுக்கு ஒன்றும் நடக்காத மாதிரியே இருக்கும், ஆனால் வயிறு நடுங்கும். இரண்டாவது, ஒருக்களித்து முழங்கையில் தாங்கி இடுப்பைத் தூக்கி நிற்கும் சைடு பிரிட்ஜ். ஆரம்பத்தில் முழங்காலை மடக்கி அதன் மேல் தாங்கலாம், பலம் வந்ததும் பாதத்துக்கு மாறலாம். மூன்றாவது பேர்டு டாக்: கைகளும் முழங்கால்களும் ஊன்றி நின்று, வலது கையையும் இடது காலையும் ஒரே நேரத்தில் நேராக நீட்டுவது, பிறகு மறுபக்கம். இதில்தான் அவருடைய கண் எவ்வளவு கூர்மை என்று தெரிந்தது. காலை உயரத் தூக்கிக் காட்ட வேண்டும் என்ற ஆர்வத்தில் பலருக்கும் இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்து கீழ் முதுகு குழிந்துவிடுமாம். முதுகின் மேல் ஒரு மரக்கட்டையை வைத்து, இது விழாத உயரம் வரைதான் உங்கள் கால் போகலாம் என்றார். வீடியோ பார்த்துச் செய்கிறவர்களுக்கு இந்தத் திருத்தம் கிடைக்காது, மையத்துக்குப் போவதில் உள்ள மிகப்பெரிய லாபம் இதுதான் என்று நினைக்கிறேன்.

மூன்றையும் ஒவ்வொரு முறையும் சுமார் 10 விநாடிக்கு மேல் பிடிக்க வேண்டாம், நேரத்தைக் கூட்டுவதைவிட எண்ணிக்கையைக் கூட்டலாம் என்பது மெக்கில் சொல்லும் வழி. மூச்சை அடக்கக் கூடாது, சாதாரணமாகப் பேச முடிகிற அளவுக்கு மூச்சு ஓட வேண்டும். இவற்றோடு மல்லாந்து முழங்கால் மடக்கி இடுப்பைத் தூக்கும் பிரிட்ஜும் சேர்ந்தது. அதில் தொடையின் பின்பக்கம் மட்டும் இழுத்துப் பிடித்தால் பாதத்தைப் புட்டத்துக்குப் பக்கத்தில் கொண்டுவரச் சொன்னார், உடனே புட்டத் தசை வேலை செய்ய ஆரம்பித்தது.

எனக்கு அன்றாட வாழ்க்கையில் அதிகம் உதவியது இடுப்பிலிருந்து மடங்கக் கற்றது. நீளமான கோல் ஒன்றை முதுகோடு ஒட்டி, பின்தலை, மேல் முதுகு, வால் எலும்பு மூன்று இடத்திலும் அது தொடும்படி பிடித்துக்கொண்டு, முழங்காலைக் கொஞ்சம் தளர்த்தி, புட்டத்தைப் பின்னால் தள்ளிக் குனிவது. கோல் எந்த இடத்தில் விலகினாலும் முதுகு வளைகிறது என்று தெரிந்துவிடும். கோலோடு பழகி, கோலில்லாமல் பழகி, பிறகு எடையைக் கையில் கொடுத்துத் தூக்கச் சொன்னார். ஆமாம், முதுகு வலிக்காரரை எடை தூக்கச் சொன்னார். முதலில் மிகக் குறைவாக, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி. கடைசிவரை பாயில் படுத்துச் செய்யும் பயிற்சியோடு நிறுத்திவிட்டால் வாழ்க்கையில் தூக்க வேண்டிய சுமைக்கு முதுகு தயாராகாது என்பது அவர் வாதம், அது சரிதான் என்று இப்போது சொல்வேன்.

காலை நேரத்தைப் பற்றி அவர் சொன்னது பலருக்குத் தெரியாது. டிஸ்க்குகள் இரவில் தண்ணீரை உறிஞ்சி ஊறிய பஞ்சு போலப் புடைத்திருக்கும், அதனால்தான் காலையில் நம் உயரமே ஒரு சென்டிமீட்டர் போலக் கூடியிருக்கும். அந்த நேரத்தில் குனிந்தால் டிஸ்க்கின் மேல் அழுத்தம் அதிகம். அதிகாலையில் குனிவதைத் தவிர்த்த நோயாளிகளுக்கு வலி குறைந்ததை 1998-இல் வந்த ஓர் ஆய்வு காட்டியிருக்கிறது. ஆகவே எழுந்த முதல் ஒரு மணி நேரம் குனியும் வேலையும் குனியும் பயிற்சியும் வேண்டாம், கொஞ்சம் நடந்துவிட்டு, அப்புறம் பார்க்கலாம். கட்டிலைவிட்டு எழுவதும் மல்லாந்தபடி நேராக இல்லை. ஒருக்களித்து, காலைக் கீழே விட்டு, கையை ஊன்றி. இந்த ஒரு மாற்றத்துக்கே எனக்குப் பலன் தெரிந்தது.

பயிற்சி செய்யும்போது வலித்தால் என்ன செய்வது என்ற கேள்விக்கு நேரான பதில் கிடைத்ததும் இங்கேதான். லேசாக வலித்து, கொஞ்ச நேரத்தில் அடங்கி, மறுநாள் காலை வழக்கம்போல இருந்தால் தொடரலாம். மறுநாளும் கூடுதலாகவே வலித்தால் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும், விட்டுவிடக் கூடாது. வலிக்கிற ஒவ்வொரு முறையும் உள்ளே ஏதோ கிழிகிறது என்று பொருளில்லை.

எந்தப் பயிற்சி வகை சிறந்தது, பிலாட்டிஸா, யோகாவா, மெக்கன்சியா, ஜிம்மா என்று சண்டை போடுகிறவர்களுக்கு ஒரு தகவல். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2021-இல் 249 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. நாட்பட்ட கீழ் முதுகு வலிக்கு, எதுவும் செய்யாமல் இருப்பதைவிட, வழக்கமான கவனிப்பைவிட, உடற்பயிற்சி வலியைக் குறைக்கிறது என்பது அதன் முடிவு. வகைகளுக்கு நடுவில் உள்ள வித்தியாசம் பயிற்சி செய்கிறோமா இல்லையா என்ற வித்தியாசத்தின் முன் சின்னது, எனவே நீங்கள் விடாமல் செய்யக்கூடியது எதுவோ அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

நடையை அவர் மருந்துச்சீட்டு மாதிரியே எழுதிக்கொடுத்தார். ஆஸ்திரேலியாவில் நடந்து 2024-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வு அதற்கு ஆதாரம். முதுகு வலி வந்து தேறிய 701 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு பிசியோதெரபிஸ்ட் வழிகாட்டுதலோடு நடைத் திட்டமும் விளக்கமும் கொடுத்தார்கள். ஆறு மாதத்துக்குள் வாரம் ஐந்து முறை 30 நிமிடம் என்ற அளவை எட்டுவது இலக்கு. நடந்த பிரிவில், மறுபடி வேலையைக் கெடுக்கும் வலி வரும் வரை கடந்த காலத்தின் இடைநிலை 208 நாள், நடைத் திட்டம் இல்லாத பிரிவில் 112 நாள். செருப்பைத் தவிர வேறு கருவி தேவைப்படாத ஒன்றுக்கு இது பெரிய பலன். 2020-இல் உலகம் முழுக்க 61.9 கோடிப் பேருக்கு கீழ் முதுகு வலி இருந்தது என்று கணக்கு, அத்தனை பேருக்கும் மெஷினும் கட்டிலும் கொடுக்க முடியாது, நடக்கச் சொல்ல முடியும்.

பெல்ட், மெத்தை விஷயத்தைச் சுருக்கமாக முடிக்கிறேன். வலி வராமல் தடுப்பதற்கு என்னென்ன உதவும் என்று 2016-இல் வந்த ஒரு தொகுப்பாய்வு பார்த்தது. உடற்பயிற்சியும் விளக்கமும் சேர்ந்தால் மறுபடி வரும் வாய்ப்பு 45 சதவீதம் குறைந்தது, பெல்ட்டும் காலணிக்குள் வைக்கும் பட்டையும் உதவியதாகத் தெரியவில்லை. மெத்தை கல் மாதிரி இருக்க வேண்டும் என்பதும் சரியில்லை, 2003-இல் ஸ்பெயினில் 313 பேரிடம் நடந்த ஆய்வில் நடுத்தரக் கடினமுள்ள மெத்தையே கடினமான மெத்தையைவிட நன்றாக உதவியது.

இரண்டாவது மையத்தில் குறை இல்லாமல் இல்லை. முதல் சந்திப்பில் கிடைத்த நேரம் அடுத்தடுத்த சந்திப்புகளில் கிடைக்கவில்லை, கூட்டமான வேளையில் ஒரே ஆள் மூன்று பேரைப் பார்த்துக்கொண்டு ஓடுவார், அப்போது பேர்டு டாக்கில் இடுப்பு சாய்ந்தால் கவனிக்க ஆளில்லை. சொன்ன நேரத்துக்கு உள்ளே அழைத்தது குறைவு, முதுகு வலிக்காரரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் காத்திருக்க வைப்பது எந்த வகையில் நியாயம்? பயிற்சிகளை என் போனிலேயே வீடியோ எடுத்துக் கொடுத்தது அருமையான யோசனை, ஆனால் எந்த வாரம் எதைக் கூட்ட வேண்டும் என்பதை எழுதிக் கொடுத்திருந்தால் இன்னும் உதவியிருக்கும், கேட்டுக் கேட்டுத்தான் வாங்கினேன். தூக்கம், மன உளைச்சல் பற்றி மேலோட்டமாகத்தான் பேசினார்கள். தூக்கம் கெட்டால் மறுநாள் வலி கூடுவது எனக்கே தெரிகிறது, நாட்பட்ட வலிக்காரர்களுக்கு அந்தப் பக்கத்துக்கும் ஓர் ஆள் வேண்டும்.

எனக்கு வலி முழுசாகப் போய்விட்டதா என்றால், இல்லை. தொடைக்குப் போன வலி வருவதில்லை. நீண்ட நேரம் உட்கார்ந்தால் முதுகில் பிடிப்பு வரும், எழுந்து நடந்து, சில முறை பின்னால் வளைந்தால் விட்டுவிடும். நடுவில் ஒருமுறை திரும்பவும் கடுமையாகப் பிடித்தது. போனில் பேசியபோதே எந்தப் பயிற்சிக்குத் திரும்ப வேண்டும், எதை நிறுத்தி வைக்க வேண்டும் என்று சொன்னார், வரச்சொல்லிக் கட்டாயப்படுத்தவில்லை. வலி மறுபடி வருவது சகஜம், அப்போது என்ன செய்வது என்று தெரிந்திருப்பதுதான் முக்கியம் என்று தொடக்கத்திலேயே சொல்லியிருந்தார், அதனால் பதறவில்லை.

புதிதாக ஒரு மையத்துக்குப் போகிறீர்கள் என்றால் முதல் நாளே கவனியுங்கள். உங்களைக் குனிய, வளைய, நடக்கச் சொல்லிப் பார்த்தார்களா, காலின் பலத்தையும் உணர்ச்சியையும் சோதித்தார்களா, வீட்டில் செய்ய ஒரு பயிற்சியையாவது உங்களையே செய்யச் சொல்லிப் பார்த்துத் திருத்தினார்களா. எத்தனை வாரத்தில் என்ன மாற்றத்தை எதிர்பார்க்கலாம், மாற்றம் இல்லையென்றால் அடுத்து என்ன என்று கேளுங்கள். தெளிவான பதில் வராமல், தினமும் வாருங்கள் பார்த்துக்கொள்ளலாம் என்று மட்டும் சொன்னால் வேறு இடம் தேடுவது நல்லது.

அப்புறம் ஒன்று. நான் எழுதியது சாதாரணக் கீழ் முதுகு வலிக்கு. சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டாலோ, சிறுநீரோ மலமோ கட்டுப்பாடில்லாமல் போனாலோ, பிறப்புறுப்பைச் சுற்றியும் உட்காரும் இடத்திலும் மரத்துப்போனாலோ, கால் திடீரென்று பலமிழந்து பாதம் தொங்கினாலோ, அது தண்டுவடத்தின் அடியில் உள்ள நரம்புக் கற்றை நசுங்குவதாக இருக்கலாம். அன்றே, அந்த மணி நேரமே, அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். தாமதித்தால் பாதிப்பு நிரந்தரமாகிவிடலாம். வலியோடு காய்ச்சல், காரணமில்லாத எடைக் குறைவு, முன்பு வந்த புற்றுநோய், பெரிய அடி அல்லது விழுந்தது, எலும்பு வலுவிழந்த வயதில் சின்னதாக இடறியதற்கே வந்த கடும் வலி, இவற்றில் எது இருந்தாலும் முதலில் மருத்துவரிடம் போங்கள், பயிற்சிப் பாயை விரிப்பது அவர் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான்.